தோல் காயட்டும்

நாரிஸ் டப்ஹோம் தன் வாளுக்கு உறை இல்லாமல் இருபத்திரண்டு வருஷம் காலந்தள்ளினார். ஆப்ரி ஸ்கெல்டன் தன் உறைக்கு வாள் இல்லாமல் அதே இருபத்திரண்டு வருஷத்தைத் தள்ளினார். இரண்டு வீடுகளுக்கும் நடுவே பதின்மூன்று மைல்தான். லூத்திலிருந்து ஹார்ன்காசிலுக்கு, மேடும் பள்ளமுமான பாதை. முன்னால் டிராக்டர் மாட்டாமல் இருந்தால் அரைமணி நேரம்.

வாளின் கைக்காப்பில் பி 41 என்று குத்தியிருந்தது. உறையின் வாய்ப்பட்டையிலும் பி 41. 4 என்ற எண்ணின் கால் இரண்டிலும் ஒரே மாதிரி இடப்பக்கம் கோணிக்கொண்டிருந்தது. ஒரே ஆள், ஒரே உளி, ஒருவேளை ஒரே நாள் காலை. நெப்போலியனோடு சண்டை போட்ட காலத்தில் எவனோ ஒரு குதிரைவீரன் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த ஒற்றைச் சாமான், எப்படியோ இரண்டாகப் பிரிந்து, கடைசியில் இரண்டு பிடிவாதக்காரர்களிடம் வந்து சிக்கிக்கொண்டது.

“நீங்க வாளை வாங்கறதில்ல, நம்பரைத்தான் வாங்கறீங்க” என்று நாரிஸின் மனைவி ஜோன் ஒருமுறை சொன்னாள். பிறகு ஒருநாள் நாயைக் கூட்டிக்கொண்டு ஸ்கெக்னெஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். போனவள்தான். “வாளெல்லாம் எனக்கு, நாய் அவளுக்கு. நியாயமான பாகப்பிரிவினை. நாயைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும்” என்று நாரிஸ் கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

வாள் அவர் கைக்கு வந்தது ஓர் ஏப்ரல் மாதம். ஊர் விளையாட்டுக்கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கும் பழைய ஆயுதச் சந்தையில், ஒரு விவசாயியின் மேஜைமேல், முட்டைத் தட்டுகளுக்கும் உடைந்த பாரோமீட்டருக்கும் நடுவில் கிடந்தது. வளைந்த அலகு, நுனிப்பக்கம் கோடரிபோல் அகலம், பழுப்பேறிய உடம்பு. 1796ஆம் வருஷத்து மாதிரி. “காஞ்சொறி வெட்ட நல்லா இருந்துச்சு” என்றார் விவசாயி. பிடியில் தோல் இல்லை. அடியிலிருந்த மரக்கட்டை மட்டும் வரிவரியாக, வற்றிப்போன ஆட்டின் விலாவைப்போலத் தெரிந்தது.

ஜூனில், அதே கூடத்தில், திரைச்சீலைக் கம்பிகள் போட்டிருந்த பெட்டிக்குள்ளிருந்து ஆப்ரி ஓர் இரும்பு உறையை உருவினார். வெறும் உறை வாங்குகிறவன் சட்டையில்லாமல் பொத்தான் வாங்குகிறவன் என்பது அந்தக் கூட்டத்தில் எல்லோருடைய அபிப்பிராயம். ஆப்ரிக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. நேராக நாரிஸின் மேஜைக்குக் கொண்டுவந்து காட்டினார். நாரிஸ் வறுத்த பன்றியிறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே எண்ணைப் படித்தார். ரொட்டி தரையில் விழுந்தது.

“ஆப்ரி, இது என் வாளோட உறைடா.”

“அப்படின்னா உன்கிட்ட இருக்கிறது என் உறையோட வாள்.”

“வாளுக்குத்தான்டா உறை. உறைக்கு வாள் கிடையாது.”

“எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? மழையில நனைஞ்சது யாரு? குதிரை விலாவுல நாள் பூரா இடிபட்டது யாரு? உன் ஆளு உள்ளே போர்த்திக்கிட்டுத் தூங்கினான். இவன்தான்டா போருக்கே போனவன்.”

அன்றிலிருந்து இருவரும் சம்பந்திகள். நாரிஸ் மாப்பிள்ளை வீடு, ஆப்ரி பெண் வீடு. கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. மூன்று வாளும் ஒரு சேணமும் தருகிறேன் என்றார் ஆப்ரி. தன் மோட்டார் சைக்கிளைத் தருகிறேன் என்றார் நாரிஸ். அது ஓடாது என்பது மாவட்டத்துக்கே தெரியும். ஒவ்வொரு சந்தையிலும் காகிதக் கோப்பையில் தேநீரை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து திட்டிக்கொள்வார்கள்.

“என்ன சம்பந்தி, மாப்பிள்ளை இன்னும் அம்மணமாத்தான் நிக்கிறாரா? ஒரு தோலு வாங்கிப் போர்த்தக்கூடாதா?”

“அசல் தோல் போனா போனதுதான். புதுசு ஒட்டி ஊரை ஏமாத்தற பழக்கம் எங்க வீட்ல இல்ல. உன் பொண்ணுக்கு உள்ள எவ்வளவு துருன்னு எவன் கண்டான்?”

இத்தனைக்கும் அந்த வாளை அந்த உறையில் அவர்கள் ஒருதடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. வாய்விட்டுப் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் இல்லை அது. ஒருமுறை உள்ளே போய்விட்டால் பிறகு உருவ யாருக்கு மனசு வரும்? உருவிக்கொண்டு போகிறவன் படுபாவி. விட்டுவிட்டுப் போகிறவன் ஏமாளி. அதனால் வாள் லூத்தில் ஒரு சுவரில், உறை ஹார்ன்காசிலில் ஒரு சுவரில்.

மற்றபடி அவர்களுக்குள் ஒரு விஷயத்தில் சண்டையே கிடையாது. வாளுக்கு முதல் எதிரி அவசரம், துரு அப்புறம்தான் என்பதில் இருவரும் ஒரே கட்சி. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, செப்புக்காசின் விளிம்பால் ஒரு விரல்கடை துருவை எடுக்க ஒரு வாரம் ஆக்குவார்கள். எண்ணெய் தோய்த்த கம்பி நாரால், பூனைக்குட்டிக்கு முகம் துடைத்துவிடுவதுபோலத் துடைப்பார்கள். சந்தைக்கு வரும் ஒருவர், எப்போதோ ஒருமுறை, ஒரே மதியத்தில் ஒரு வாளைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துக் கரண்டிபோலப் பளபளவென்று ஆக்கிவிட்டார். பதினொரு வருஷமாகியும் அவர் மேஜைப்பக்கம் போனால் இருவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள், சாவு வீட்டைக் கடப்பதுபோல.

ஜனவரியில் ஆப்ரிக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். பிப்ரவரியில் படுக்கையை மாடியிலிருந்து முன்னறைக்கு இறக்கினார்கள்.

நாரிஸ் ஒருதடவை போய்ப் பார்த்தார். ஆப்ரியின் முகம் பழைய பியானோவின் மஞ்சளித்த வெள்ளைக்கட்டை நிறத்தில் இருந்தது. நாரிஸுக்குத் தெரிந்ததெல்லாம் வேடிக்கை பேசுவது. “உன்னை எண்ணெய்ல ஊறப்போடணும்டா” என்றார். ஆப்ரி சிரிக்க முயன்றார். அந்த முயற்சியைப் பார்க்கவே முடியவில்லை. ஆப்ரியின் மனைவி முரியல் உலர்திராட்சை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். நாரிஸ் பேச்சுக்குப் பதிலாக மூன்று துண்டு தின்றுவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்தார். திரும்பும் வழியில் ஒரு வயலின் வாசலருகே காரை நிறுத்தி அரைமணி நேரம் டர்னிப் கிழங்குப் பயிரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு மூன்று வாரம் போகவில்லை. போனில் மட்டும் பேசினார். போனில் முகம் தெரியாது.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை ஆப்ரியே கூப்பிட்டார். குரல் தேய்ந்திருந்தது.

“சம்பந்தி.”

“சொல்லுடா.”

“மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா. நாள் பாத்தாச்சு. நாளைக்கு.”

“எதுக்கு?”

“எதுக்கா? போட்டுப் பாக்கத்தான். ஒரே ஒரு தடவை. நான் பாத்துக்கிட்டிருக்கும்போது போடணும். அப்புறம் ரெண்டையும் நீயே எடுத்துக்கிட்டுப் போ.”

இருபத்திரண்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தது இப்படிச் சுலபமாகக் கைக்கு வந்தது. ஆனால் நாளைக்கு என்றால் நாளைக்கே அந்த முன்னறை, அந்த மஞ்சள் முகம். நாரிஸின் வாய் அவரைக் கேட்காமலே பேசத் தொடங்கியது.

“இந்த மொட்டைப் பிடியோடயா கூட்டிட்டு வர்றது? இத்தனை வருஷமா அம்மணம் அம்மணம்னு மானத்தை வாங்கினே. தோல் போட்டுக் கூட்டிட்டு வர்றேன். நாலே நாள்.”



“தோலா? நீயா? புதுசா எதையும் ஒட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணின வாய்தானே இது?”

“உனக்காகத்தான்டா.”

“கன்றுத்தோலா?”

“கன்றுத்தோல்தான்.”

“வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் போடு. ட்யூப்ல வர்ற பசையைப் போட்டேன்னா பேயா வந்து கழுத்தை நெரிப்பேன்.” மூச்சு வாங்கினார். “அப்போ செவ்வாய்க்கிழமையா?”

“செவ்வாய்க்கிழமை.”

“சரி. அதுவரைக்கும் எங்கேயும் போகமாட்டேன்.”

சனிக்கிழமை காலையில் நாரிஸ் தோட்டத்துக் கொட்டகைக்குள் நுழைந்தார். முப்பது வருஷம் பாய்லர் பொருத்தும் வேலை பார்த்த கை. ஆனாலும் வாள் என்றால் அது பயபக்தியோடு மென்மையாகிவிடும். கன்றுத்தோலை நனைத்து, ஓரத்தைக் கண்ணாடித் துண்டால் இழைத்து மெல்லிசாக்கினார். வஜ்ஜிரத்தை வெந்நீரில் வைத்து இளக்கிப் பூசினார். குளம்பு வேகிற நாற்றம் கொட்டகையை நிறைத்தது. வாளைப் பிரிக்காமலே தோலின் ஓரத்தைப் பிடியின் முதுகுத் தகட்டுக்கு அடியில் செருகி, இழுத்து, சுற்றி ஒட்டினார். பிறகு மெழுகு தடவிய கயிற்றை எடுத்து, மரப்பிடியில் எங்கெங்கே பள்ளமோ அங்கெல்லாம் அழுந்த, சுற்றுமேல் சுற்றாக இறுக்கிக் கட்டினார். தோல் காயும்போது அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்து மரத்தின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். காயுமுன் கயிற்றை அவிழ்த்தால் தோல் உப்பி எழும்பிவிடும். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் உட்காராது.

மாதமோ மார்ச். கடலிலிருந்து ஈரம் சாரலாக வந்துகொண்டே இருந்தது. கொட்டகையில் தொங்கிய கோட்டே மூன்று வாரமாகக் காயவில்லை.

தோல் காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கன்னத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சில்லென்றிருந்தது. திங்கட்கிழமையும் சில்லென்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது.

“காஞ்சுதா?”

“கன்னத்துல வெச்சுப் பாத்தேன். இன்னும் சில்லுன்னுதான் இருக்கு.”

“அப்போ விடு. அடுப்புப் பக்கம் கொண்டு போயிடாதே.”

“பக்கத்து வீட்ல ஹேர் டிரையர் இருந்தா வாங்கிட்டு வந்து…”

“நாரிஸ்!” அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் மிச்சமிருந்தது ஆச்சரியம். அதற்கு விலையாக ஒரு நிமிஷம் இருமினார். “சுருங்கிடும்டா. மூட்டு பிளந்துக்கும். தானா காயட்டும். அவசரப்பட்டு நாம ஒரு வாளையாவது கெடுத்திருக்கோமா?”

“இல்ல.”

“அப்புறம்? வியாழக்கிழமை?”

“வியாழக்கிழமை காலையில.”

“பரவாயில்ல. இருக்கேன்.”

சாகப்போகிறவர்கள் கடவுளைப் பற்றிப் பேசுவார்கள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள், பழைய குற்றங்களுக்கு மன்னிப்புக் கேட்பார்கள் என்றெல்லாம் நாரிஸ் கேள்விப்பட்டிருந்தார். இவர்கள் இருவரும் ஒரு கன்றுக்குட்டியின் தோலுக்குப் பொறுமை காத்துக்கொண்டிருந்தார்கள்.

தோல் சில்லென்றிருந்தது சத்தியமான உண்மை. அதில் பொய்யே இல்லை. ஆனால் திங்கட்கிழமை அதைக் கன்னத்தில் வைத்த அந்தக் கணத்தில், நெஞ்சுக்குள் எங்கேயோ ஓர் ஓரத்தில், அப்பாடா என்று இருந்ததும் உண்மை. நாரிஸ் அந்த ஓரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. உப்புத்தாளை மடித்து வைத்தார், வஜ்ஜிரப் பானையைக் கழுவினார், மறுபடி கழுவினார்.

புதன்கிழமை மதியம் முரியல் கூப்பிட்டாள்.

“நாரிஸ், இன்னைக்கே வந்துடுங்க.”

“நாளைக்குக் காலையில வர்றதாத்தான்…”

“இன்னைக்கு வாங்கன்னு சொல்றேன். அந்த இரும்புக் குழாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கார். விரிப்பு மாத்த வந்த நர்ஸ், என்ன கண்ணு, குழாய் ரிப்பேரான்னு கேட்டா. கையை விட்டு விடமாட்டேங்கிறார். நேத்து ராத்திரியிலேருந்து தண்ணிகூட உள்ளே இறங்கல.”

“டாக்டர் ரெண்டு வாரம்னு சொன்னாரே.”

“டாக்டர் அதைச் சொல்லி ரெண்டு வாரமாச்சு.”

நாரிஸ் போனைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். வாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது.

“இப்போ கயிறை அவிழ்த்தா பள்ளத்துல தோல் எழும்பிடும், முரியல். நாலு நாள் பண்ணினது வீணாயிடும். நாளைக்கு எட்டு மணிக்கு அவிழ்ப்பேன், ஒன்பது மணிக்கு உங்க வாசல்ல நிப்பேன். ஆப்ரிகிட்டச் சொல்லுங்க, அவனுக்குப் புரியும்.”

“அவருக்குப் புரியுது” என்றாள் முரியல். “அதுதான் கொடுமை. நேத்துப் பூரா, ஏன் நீங்க வராம இருக்கிறது சரின்னு எனக்கு விளக்கிக்கிட்டிருந்தார். மூச்சு வாங்க வாங்க. தோல் எப்படிக் காயும், எத்தனை நாள் ஆகும்னு. நான் அவர்கிட்ட வேற ரெண்டு விஷயம் பேசணும்னு இருந்தேன்.”

போனை வைத்துவிட்டாள்.

வாள் இல்லாமல் போகலாமே என்பது நாரிஸுக்குத் தோன்றவே இல்லை. காரை எடுத்து, டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து, அந்த முன்னறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். மாப்பிள்ளை அம்மணமாகவே வரட்டும், வராமலே போகட்டும். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் வெறுங்கையோடு சந்தித்துக்கொண்டதே இல்லை. நடுவில் எப்போதும் ஏதாவது ஓர் இரும்பு இருந்தது. அது இல்லாமல் ஆப்ரியிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது. மதியம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து, கட்டிக் கிடந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவில்லை. அந்த அளவுக்குச் சொன்ன சொல் கேட்டார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தார்.

நாற்பது வருஷமாக வாள்களோடு மல்லுக்கட்டுகிறார்; அவர் கையில் எதுவும் இப்படி அமைந்ததில்லை. தோல் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி உட்கார்ந்திருந்தது. மூட்டு எங்கே என்று தேடவேண்டியிருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தார், சில்லென்று இல்லை. நாரிஸ் தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்தார். கருப்புச் சாயம் ஒரு பூச்சு, அதன்மேல் மெழுகு. துணியால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

“வர்றோம்டா, வர்றோம். என்ன அவசரம், பொண்ணு வீட்டுக்காரனுக்கு?” என்றார் நாரிஸ் கொட்டகையிலிருந்தே. விரலெல்லாம் மெழுகு. மூன்றாம் தடவையும் அடித்து ஓய்ந்தது.

ஃபிளானல் விரிப்பில் வாளைச் சுற்றி, பின்சீட்டில் படுக்கவைத்தார். பெல்ட் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். வழியில் எரு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஐந்து மைல் தூரம் வழிவிடாமல் முன்னால் போயிற்று. நாரிஸ் ஹாரன் அடிக்கவில்லை. ஆப்ரியிடம் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். மாப்பிள்ளைக்குக் கோட்டு தைக்க நேரமாயிடுச்சு, தையல்காரன் கொஞ்சம் மந்தம் என்று ஆரம்பிக்கலாம். அந்த முன்னறையைப் பற்றிய பயம்கூடக் கொஞ்சம் விலகியிருந்தது. கையில் அவ்வளவு நல்ல வேலை இருந்தது.

ஆப்ரி ஸ்கெல்டன் வீட்டில் பகலிலும் திரை இழுத்திருந்தது.

முரியல் கதவைத் திறந்தாள். கோட்டுப் போட்டிருந்தாள், வீட்டுக்குள்ளேயே.  விலகி நின்று அவரை உள்ளே விட்டாள். முன்னறையில் படுக்கை இருந்தது. மெத்தைமேல் விரிப்பு இல்லை. தலையணை இல்லை. உறை மட்டும் மெத்தையின் நடுவில், ஆள் படுத்திருக்கும் திசையிலேயே நீளவாக்கில் கிடந்தது.

“விடிகாலை அஞ்சேகால்” என்றாள். “இப்போதான் வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க. உங்களுக்குப் போன் பண்ணினேன்.”

“கொட்டகையில இருந்தேன்.”

“மூணு தடவை.”

“கையெல்லாம் மெழுகா இருந்துச்சு” என்றார் நாரிஸ். சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று அவர் காதில் விழுந்தது.

முரியல் அவர் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள்.

“காஞ்சுதா?”

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. ஐந்து நாளாக அந்த வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, பழக்கத்தில் வந்துவிட்டது. நாரிஸ் தலையாட்டினார்.  ஃபிளானலை விலக்கிக் காட்டினார், பள்ளிக்கூடத்தில் கைவேலையைக் காட்டுவதுபோல.

முரியல் குனிந்து பார்த்தாள். விரலால் அந்த வரிகளைத் தடவினாள்.

“அழகா பண்ணியிருக்கீங்க.”

மனசாரத்தான் சொன்னாள். ஓங்கி அறைந்திருந்தால் நாரிஸ் நின்று வாங்கியிருப்பார். இதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. ஃபிளானலை மறுபடி மூடினார்.

“கேட்டானா?” என்றார்.

“என்னன்னு?”

“நான் வந்தேனான்னு.”

“நேத்துச் சாயந்திரம் வரைக்கும். வாசல்ல கார் போற சத்தம் கேட்டா, டிராக்டருக்குப் பின்னாடி மாட்டியிருப்பான்னு சொல்வார். அப்புறம் கேக்கல.” கோட்டுப் பொத்தானை ஒருமுறை கழற்றி மறுபடி போட்டாள். “உறையை எடுத்துக்கோங்க. உங்களுக்குத்தான்னு சொல்லிட்டார்.”

“வேண்டாம், முரியல்.”

“வேண்டாமா?”

“எனக்கு வேண்டாம். எப்படி நான் அதை…”

“வேண்டாமா!” முரியலின் குரல் உடைந்து மேலே போயிற்று. “இருபத்திரண்டு வருஷம், எனக்கு வாய்ச்ச சனிக்கிழமை ஒவ்வொண்ணையும் ரெண்டு பேருமா தின்னீங்க. அஞ்சு நாளா அந்த மனுஷன் பக்கத்துல நான் படுக்க இடமில்ல, இந்தக் கர்மம்தான் படுத்திருந்துச்சு. இப்போ வந்து நின்னுக்கிட்டு வேண்டாங்கிற? என்ன மனுஷன்யா நீ? போடு. இங்கேயே, இப்பவே போடு. அவர் எதைப் பாக்கணும்னு கிடந்தாரோ அதை நானாவது பாக்கறேன்.”

நாரிஸ் மெத்தையின் பக்கத்தில் மண்டியிட்டார். இடது கையில் உறையை எடுத்தார். குளிர்ந்திருந்தது. வாய்ப்பட்டையில் ஆப்ரி எப்போதோ தடவிய மெழுகின் பளபளப்பு இருந்தது. வாளின் நுனியை வாயில் வைத்தார். முதலில் விளிம்பில் தட்டியது. பிறகு உள்ளே போயிற்று.

முட்டவில்லை, உரசித் திணறவில்லை. வளைவுக்கு வளைவு சரியாக, நேற்றுத்தான் உருவியதுபோல, தன் பாட்டில் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் கைக்காப்பு உறையின் வாய்மேல் உட்கார்ந்தது. பி 41க்குக் கீழே பி 41. கோணல் காலுக்குக் கீழே கோணல் கால். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம், அலமாரிக் கதவு சாத்திக்கொள்வதுபோல.

முரியல் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“இந்தச் சத்தத்துக்கா?”

“ஆமா” என்றார் நாரிஸ்.

முரியல் அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்திருக்கவேண்டும், கை தாழ்ந்தது. வெறும் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். புதுத் தோல் பிடியைப் பற்றி இழுத்தாள். ஒரு முழம் அலகு வெளியே வந்தது. உள்ளே தள்ளினாள். டக். மறுபடி இழுத்தாள்.

இப்படிச் செய்யவே கூடாது. உறையின் வாய்க்குள் இரண்டு விறைப்பான தகடு இருக்கும். இருநூறு வருஷத்து மண்ணும் துருத்தூளும் அங்கேதான் தங்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் அலகின் மேல்பரப்பில் ஒரு கீறல் விழும், விழுந்தால் போகாது. சந்தையில் யாராவது ஒரு வாளை எடுத்து வேடிக்கையாக இப்படிச் சரக் சரக்கென்று இழுத்துத் தள்ளினால், நாரிஸ் மேஜையைத் தாண்டிக் குதித்துக் கையைப் பிடித்துவிடுவார். பிடித்தும் இருக்கிறார். நாலாவது இழுப்பில் முதல் கோடு தெரிந்தது, பழுப்பின்மேல் வெள்ளிக் கம்பியாக. ஆறாவதில் இரண்டாவது கோடு. நுனியை நோக்கி நீண்டுகொண்டே போயிற்று.

நாரிஸ் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தார். முழங்கால் வலித்தது. கையை நீட்டித் தடுக்கவில்லை.

“அவர் எப்படி இழுப்பார்?” என்று முரியல் கேட்டாள், அவரைப் பார்க்காமல். “வேகமாவா, மெதுவாவா?”

“மெதுவா” என்றார் நாரிஸ். “ரொம்ப மெதுவா.”

முரியல் வேகமாக இழுத்தாள்.